கோட்டூர்புரத்துப் பென்ஷன் வீடுகளும் அவற்றின் நாய்களும்

தேனாம்பேட்டை ஏஜி ஆபீஸில், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில், என் வேலைக்காலம் பெரும்பாலும் பென்ஷன் செக்‌ஷனிலேயே கழிந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர் யார் ஓய்வு பெற்றாலும், வால்பாறை வாத்தியாரோ வேதாரண்யம் தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ, அவருடைய பென்ஷன் பேப்பர் எங்கள் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். பிறந்த தேதி, சர்வீஸ், கடைசிச் சம்பளம், அங்க அடையாளம் எல்லாம் சரிபார்த்து பி.பி.ஓ. என்கிற பென்ஷன் வழங்கும் உத்தரவு போடுவோம். அந்தக் காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாயிண்ட் போட்டோ. கணவனும் மனைவியும் சேர்ந்து ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. பின்னால் வரைந்த திரை, அதில் ஒரு ஏரி, ஒரு மாடிப்படி. இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் போட்டோ அதுவாகத்தான் இருக்கும் என்று பல முகங்களைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் போட்டோ கேட்கப்பட்டதற்குக் காரணம் குடும்ப ஓய்வூதியம். அது 1964-இல் வந்தது. அதற்கு முன்னால் பென்ஷன் என்பது ஏறக்குறைய வேலை பார்த்தவரோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம். அவர் போய்விட்டால் மனைவிக்குச் சில வருடங்களுக்கு ஏதோ கிடைக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். அவள் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் பணம் வரும் என்று ஆன பிறகுதான் அவள் முகமும் அரசாங்கக் காகிதத்தில் இடம் பிடித்தது. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஓய்வில் இருப்பது என்கிற வாழ்க்கைக்கு நம் ஊரில் வயது அவ்வளவுதான். நான் குடியிருக்கும் கோட்டூர்புரம் அந்த வாழ்க்கை வேர் பிடித்த இடங்களில் ஒன்று. இங்கே அது எப்படி உண்டாயிற்று என்று எழுத உட்கார்ந்தால் நாயை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது என் திடமான கருத்து. வீட்டு வாசலில் கட்டியிருந்த நாய், தெருவில் படுத்திருந்த நாய், கடைசியில் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்ட நாய் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்த ஊரின் பென்ஷன் சரித்திரம்.

சென்னை வட்டாரத்துக்குப் பென்ஷன்காரர் குடியிருப்பு புதிதில்லை. 1770-இலேயே ராபர்ட் கிளைவ் பெயரில் ஒரு நிதி ஏற்பட்டது. வங்காள நவாப் மீர் ஜாபர் தனக்கு எழுதிவைத்த ஐந்து லட்சம் ரூபாயைக் கிளைவ் அதற்குக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் உடல் தளர்ந்து விலகிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அதிலிருந்து பணம் போனது. கப்பலேறி இங்கிலாந்து போக மனமில்லாதவர்கள், இங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள், பட்டணத்துக்கு வெளியே சின்ன ஊர்களில் தங்கினார்கள். பல்லாவரம் அப்படி ஒரு ஊர். திருவள்ளூருக்குப் பக்கத்திலுள்ள திருப்பாச்சூர் இன்னொன்று. 1781-இல் சர் அயர் கூட் ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை அங்கே இருந்தது. பிறகு கம்பெனியின் பயிற்சி வீரர்கள் தங்கினார்கள். அதற்கும் பிறகு வயதான வெள்ளைக்காரப் பென்ஷன்காரர்கள் வந்து குடியேறினார்கள். தேவாரம் பாடிய ஊரில், மூங்கில் புதருக்கும் பாழடைந்த கோட்டைக்கும் நடுவே, அயர்லாந்திலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ வந்த ஒரு கிழவர் தன் மனைவியோடு கடைசிக் காலத்தைக் கழித்திருக்கிறார். வெள்ளைக்காரச் சிப்பாயின் விதவைக்கு 1770-இல் கிடைத்த ஆதரவு நம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் விதவைக்கு 1964-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நம்மவர்களில் உத்தியோகம் பார்த்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குப் போவதுதான் வழக்கமாக இருந்தது. கும்பகோணம், திருவையாறு, தாமிரபரணிக் கரை என்று எங்கே பூர்வீக வீடு இருந்ததோ அங்கே. அங்கே அவர்கள் தனியாக இல்லை. கூட்டுக் குடும்பத்தின் திண்ணையில் ஒரு தாத்தாவாக உட்கார்ந்தார்கள். காசு கொஞ்சம் கூடுதலாக இருந்த டெபுடி கலெக்டரும் சப் ஜட்ஜும் மயிலாப்பூரில் வீடு வாங்கினார்கள். 1920-களில் மாம்பலம் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியபோது அங்கே போனார்கள். சுதந்திரத்தை ஒட்டி அடையாற்றுக்குத் தெற்கே கூட்டுறவு வீடுகட்டும் சங்கம் காந்தி நகரை அமைத்தபோது அங்கேயும் வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைப் பென்ஷன்காரர்களும் ஊரின் விளிம்புக்கே போனார்கள். அங்கேதான் மனை அவர்கள் கிராஜுவிட்டிக்கு எட்டியது. 1960-களிலும் 70-களிலும் அந்த விளிம்பு கோட்டூருக்கு வந்தது.

என் மாமனார் தாசில்தாராக இருந்து 1975-இல் ஓய்வு பெற்றவர். அப்போது 55 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மத்திய அரசில் 1962-லேயே 58 ஆகி, 1998-இல் 60 ஆயிற்று. தமிழ்நாட்டில் 60 வந்தது 2021-இல்தான். மாமனார் கம்யூடேஷன் பணத்தையும் கிராஜுவிட்டியையும் போட்டு இங்கே வீடு கட்டினார். 1979-இல் நான் மருமகளாக வந்தபோது வடக்கே அடையாறு, தெற்கே கிண்டிக் காடு, நடுவில் பொன்னியம்மன் கோயிலைச் சுற்றிக் கோட்டூர் கிராமம், அங்கங்கே வீட்டுவசதி வாரியத்தின் கட்டடங்கள், மிச்சமெல்லாம் முள்ளும் மணலும் என்றுதான் இருந்தது. 1978-இல்தான் கிண்டிக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். ராத்திரி நரி ஊளையிடும். அது நன்றாகவே கேட்கும். பால்காரர் காலையில் வரும்போது பாம்பைப் பார்த்த கதையோடுதான் வருவார். திருட்டு பயமும் இருந்தது. காம்பவுண்டுச் சுவரின் மேல் உடைந்த பாட்டில் சில்லுகளைப் பதித்த வீடுகளை இன்னும் இரண்டொரு தெருவில் பார்க்கலாம்.

அதனால் எல்லா வீட்டிலும் நாய். எங்கள் வீட்டு நாயின் பெயர் டைகர். ராஜபாளையம் கலப்பு, மூக்கு இளஞ்சிவப்பு. ராஜபாளையத்துக்காரர் ஒருவர் மாமனாரிடம் ‘இதை வாசல்ல கட்டிட்டா நீங்க நிம்மதியா தூங்கலாங்க’ என்று சொல்லிக் கொடுத்தாராம். வாசலில் கட்டியதோடு சரி. டைகர் ஒருநாளும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மாமியார் மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பழைய அலுமினியத் தட்டில் சாதமும் மோரும் கலந்து போர்டிகோவில் வைப்பார். தடவிக் கொடுப்பதெல்லாம் கிடையாது. மாமனார் சாயங்காலம் கம்பெடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடப்பார், சங்கிலியில் டைகர். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்தால் அது சாப்பிடாது.

காவலுக்கு நாய் வைத்து அதற்கு மரியாதையும் செய்வது தமிழ்நாட்டுக்குப் பழகிய விஷயம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அந்தக் கல்லில் அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று அதன் செயலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் ஒரு நாயின் பெயரை நாம் படிக்க முடிகிறது. அந்தக் காலத்து எத்தனையோ பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே யோசிக்கிறேன்.

நாய்க்கு வைத்தியம் பார்க்க வசதியும் கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயேதான் ஆரம்பித்தது. ஆற்றின் மேல்பக்கம் சைதாப்பேட்டையில் 1868-இலேயே விவசாயப் பள்ளி வந்துவிட்டது. அது பிற்பாடு கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1903 அக்டோபர் 1-இல் அதே சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இரண்டு வருடத்தில் வேப்பேரிக்குப் போய்விட்டது. அன்றைக்கு அது மாட்டுக்கும் குதிரைக்குமான படிப்பு. இன்றைக்கு வேப்பேரி ஆஸ்பத்திரியில் காலையில் போனால் வெளிநோயாளி வரிசையில் நாய்தான் அதிகம். அந்த பெஞ்சில் உட்கார்ந்து டோக்கனுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் தலை நரைத்த தம்பதிகள். ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரிப்போர்ட் பையைப் பிடித்துக்கொள்வார். சைதாப்பேட்டையில் 1980-களில் அரசாங்கமே நாய் இனவிருத்தி மையம் ஒன்றை நடத்தியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக் குட்டிகளை அங்கே வாங்க முடிந்தது. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையும் வந்தது. தமிழ்நாட்டின் தபால் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற தியடோர் பாஸ்கரன் இந்திய நாய் இனங்களைப் பற்றி 2017-இல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஓய்வுக்காலத்தை அப்படிப் பயன்படுத்துகிறவர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

தெருநாயின் கதை வேறு. அதில் பயம்தான் முதலில் வருகிறது, அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. வெறிநாய்க் கடிக்கு பாஸ்டர் 1885-இல் தடுப்பூசி கண்டார். இந்தியாவில் அதைப் போட்டுக்கொள்ள இமயமலை அடிவாரத்திலுள்ள கசௌலிக்குத்தான் முதலில் போக வேண்டியிருந்தது. அங்கே 1900-இல் நிலையம் திறந்தார்கள். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க் கடியால் இறந்த பிறகு, தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடை உதவ, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. கடிபட்டவர்கள் மலையேறிப் போய்த் தங்கி ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு மருந்து கீழே வந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்த ஊசிக்குப் பயந்து நாய்க்கடியை அம்மாவிடம் மறைத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்வார்கள். மறைத்து, பிறகு தண்ணீரைக் கண்டு நடுங்கிச் செத்துப்போன பையனைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். இன்றைக்குக் கையில் போடும் ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடிபட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஓட வேண்டும்.

அந்தப் பயத்துக்கு மாநகராட்சி கண்ட பதில் கொலை. வண்டி வரும், கம்பிச் சுருக்கில் நாயைப் பிடிப்பார்கள், கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள். இது சென்னையில் 1996 வரை நடந்தது. நாய் வண்டி வருகிற செய்தி முந்தைய தெருவிலிருந்தே வந்துவிடும். தெருநாயை ஓடிப்போய்த் தன் காம்பவுண்டுக்குள் இழுத்து கேட்டை மூடிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். டைகரைத் தொடாத என் மாமியார் ஒருநாள் ஒரு தெருநாயை அப்படித்தான் இழுத்து உள்ளே விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தக் கொலையை நிறுத்தியவர்களில் ஒரு தம்பதியைச் சொல்லியாக வேண்டும். கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் இருவருமே விமானிகள். சர்தார் படேலைச் சமஸ்தானங்களுக்கு அழைத்துச் சென்ற விமானத்தை ஓட்டியவர்கள். 1951-இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை செய்தார்கள். 1959-இல் ஒரு பெருமழையில் தி. நகர்த் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அந்த வீட்டிலிருந்துதான் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பிறந்தது. கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள் என்று 1964 முதல் அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாநகராட்சி கேட்டது 1996-இல். நாடு முழுவதற்கும் அதற்கான விதி 2001-இல் வந்தது.

இதே தென்சென்னையில்தான் ருக்மிணி தேவியும் இருந்தார். கலாக்ஷேத்திராவுக்காக அவரை எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். சட்டம் 1960-இல் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். நம் பக்கத்துத் தெருக்களில் நடந்து போனவர்கள் நாட்டுக்குச் சட்டம் வாங்கித் தந்தார்கள் என்பதைப் பள்ளிப் பாடத்தில் வைக்கலாம்.

மாமனார் 1988-இல் காலமானார். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. மாதம் பிறந்தால் அவர் தன் பெயருக்கு வந்த பணத்தை வாங்கித் தானே எண்ணிப் பார்த்துப் பீரோவில் வைப்பார். அவர் வாழ்நாளில் அவர் பெயருக்கு வந்த முதல் வருமானம் அது. அந்தத் தொகை கௌரவமாக இருந்ததற்கு முக்கியமான காரணம் நகாரா வழக்கு. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979 மார்ச் 31 முதல் ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும் கூடுதல் பென்ஷன் என்றிருந்ததை எதிர்த்தார். 1982 டிசம்பர் 17-இல் தீர்ப்பு வந்தது. பென்ஷன் என்பது முதலாளி இரக்கப்பட்டுக் கொடுக்கும் தானமில்லை, உழைத்தவரின் உரிமை, தேதியைக் காட்டி ஆளைப் பிரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பென்ஷனைத் திருத்திக் கேட்டுக் கவுண்டரில் வந்து நின்ற முதியவர்களை நான் அறிவேன். ‘அம்மா, என் பைல் எந்த சீட்ல இருக்கு?’ என்று கேட்கும்போது முன்னெல்லாம் இருந்த கூச்சம் அவர்கள் குரலில் குறைந்திருந்தது. டிசம்பர் 17-ஐப் பென்ஷனர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

பணம் நிலைத்தது, ஆயுளும் நீண்டது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32-ஐ ஒட்டியிருந்தது. குழந்தைகள் நிறைய இறந்ததால் அந்த எண் அவ்வளவு குறைவு. அதைக் கழித்துப் பார்த்தாலும் 55-இல் ஓய்வு பெற்றவர் முன்னால் இருந்த காலம் குறுகியதுதான். இப்போது 60-இல் ஓய்வு பெறும் தம்பதிக்கு இருபது, இருபத்தைந்து வருடம் கிடைக்கிறது. அதே சமயம் பிள்ளைகள் போனார்கள். எங்கள் தெருவில் 1990-களில் நியூ ஜெர்சி, சிங்கப்பூர், பெங்களூர் என்று போகாத வீடு இல்லை. தனி வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டினார்கள். எங்கள் வீடும் அப்படியே ஆனது. வாட்ச்மேன் வந்தார், கேமரா வந்தது. 2004-இல் பறக்கும் ரயில் வந்தது. 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. காவலுக்கு நாய் தேவையே இல்லை என்று ஆன அந்த வருடங்களில்தான் நாய் வீட்டுக்குள் வந்தது. இதை நான் ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். முதலில் பால்கனி, பிறகு ஹால், பிறகு படுக்கையறை. அமெரிக்கா போன பையன் விட்டுச் சென்ற லாப்ரடாரைக் குறைசொல்லிக்கொண்டே வளர்த்த ஒரு மாமி, ஆறு மாதத்தில் அதற்குத் தனியாகப் பருப்பு சாதம் குழைத்துக்கொண்டிருந்தார்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாறு கரை தாண்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிட்டிருந்தார்கள். வழியெல்லாம் சேர்ந்த மழைநீர் வேறு. என் கணவர் பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றின் அகலம் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. மறுநாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியரும் அவர் மனைவியும் முதல் மாடிச் சுவரோரம் நின்றார்கள். அந்த அம்மா நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ‘இது இல்லாம நாங்க வரமாட்டோம்பா’ என்றார். படகுக்காரர் யோசிக்கவே இல்லை. ‘குடும்மா இப்படி, அதுவும் உசுருதானே’ என்று முதலில் நாயை வாங்கிப் படகில் உட்கார வைத்தார். அப்புறம் அவர்களைக் கைப்பிடித்து இறக்கினார். ஆற்றோரம் சித்ரா நகரில், சூர்யா நகரில் இருந்தவர்களுக்கு அந்த அவகாசம் கூட இல்லை. கையில் குழந்தை, தோளில் மூட்டை, பின்னால் நீந்தி வருகிற நாய் என்று பாலத்துக்கு ஏறினார்கள்.

அந்தக் குடியிருப்புகளில் பி.பி.ஓ. வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு இருப்பது முதியோர் ஓய்வூதியம். தமிழ்நாடு அதை 1962-இல் மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2023 முதல் 1,200 ரூபாய். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் அம்மா அந்தப் பணத்தை வாங்குகிறார். வந்த அன்றைக்கு மருந்துக் கடைக்குப் போகும் வழியில் டீக்கடையில் நான்கு பொறை வாங்கி வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் போவார். ‘என் புருசன் போனப்புறம் ராத்திரில இதாம்மா கூட இருக்குது’ என்றார் என்னிடம். கோட்டூர்புரத்துப் பென்ஷன் வாழ்க்கை என்றால் அந்தக் கிழவியையும் சேர்த்துத்தான் நான் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் சேறு பூசிய ஒரு குட்டி கிடந்தது. நான் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். அதைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்தது என் கணவர். மணி என்று பெயர் வைத்தார். சுத்தமான தெருநாய். நாட்டுநாய் என்று சொன்னால் கௌரவம் என்பதால் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், நாங்கள் தெருநாய் என்றே சொல்கிறோம். இப்போது மணிக்கும் முகம் நரைத்துவிட்டது. பின்னங்காலில் வாதம். என் கணவருக்கு இடது முழங்கால். இருவரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள்.

நடப்பது பெரும்பாலும் ரயில் நிலையத்துப் பக்கம். அங்கே ஒரு காலத்தில் குப்பை கொட்டிய பொதுப்பணித் துறை நிலத்தை ‘நிழல்’ அமைப்பும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து மரப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். நம் மண்ணின் மரங்கள், பெயர்ப்பலகையோடு. உள்ளே நாய்க்கு இடமில்லை, வெளியே நிழலில் நின்றுகொள்ளலாம். அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நாய் பெயர் தெரியும். ‘பிரூனோ அப்பா’, ‘லட்டு மாமி’, ‘மணி வீட்டு அம்மா’. தன்னைக் கண்டால் மாவட்டமே எழுந்து நின்ற ஒரு ரிட்டயர்டு கலெக்டர் அங்கே ‘சிம்பா தாத்தா’. ஆபீசில் பதவியால் கூப்பிடப்பட்டு, வீட்டில் உறவால் கூப்பிடப்பட்ட மனிதர்கள் முதல்முறையாக ஒரு நாயால் கூப்பிடப்படுகிறார்கள். ஒருநாள் யாராவது வராவிட்டால் அன்றைக்கே யாரோ ஒருவர் போய்க் கதவைத் தட்டுகிறார். போன வருடம் குளியலறையில் விழுந்து கிடந்த ஒருவரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அவர் நாய் வாக்கிங் வரவில்லையே என்று இன்னொரு நாய்க்காரருக்குத் தோன்றியதால்.

இந்த வாழ்க்கை தொடருமா என்று எனக்குக் கவலை இருக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசில் சேர்ந்தவர்கள் பழைய பென்ஷன் திட்டத்தில் இல்லை. மத்திய அரசில் 2004 ஜனவரி முதல் அதே கதை. ஓய்வுக்குப் பிறகு மாதம் எவ்வளவு வரும் என்பதை எங்களைப் போல் விதியைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட நிம்மதி அவர்களுக்கு இருந்ததில்லை. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஆசிரியை அப்படிச் சேர்ந்தவர். நாய் என்றால் உயிர். மணிக்கு அவர்தான் நகம் வெட்டுகிறார். சொந்தமாக ஒன்று வளர்க்கக் கூடாதா என்று கேட்டேன். தடுப்பூசி, லைசென்ஸ், வயதானால் ஸ்கேன், மருந்து என்று கணக்குச் சொன்னார். ‘ரிட்டயர் ஆனப்புறம் எங்க ரெண்டு பேர் மருந்துக்கே எவ்வளவு வரும்னு தெரியலை மேடம்’ என்றார்.

நாய் என்பது சட்டப்படி சொத்து. நாமினியாகப் போட முடியாது. உயிலில் அதைப் பராமரிக்க ஒருவரைச் சொல்லி, அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கலாம். அதை நாங்கள் செய்திருக்கிறோம். வங்கி மேனேஜருக்கு அது விசித்திரமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிறர் வீட்டுக் காகிதங்களில் யார் போனால் யாருக்கு என்ன என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். மணி எங்களுக்குப் பிறகு இருந்தால் மூன்றாம் மாடிக்குப் போகும். அந்த ஆசிரியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் வேப்பேரி பைல், தடுப்பூசி அட்டை, எந்த மருந்தை எந்த வேளைக்குத் தயிரில் கலந்தால் அது துப்பாமல் சாப்பிடும் என்கிற குறிப்பு எல்லாவற்றின் நகலும் அவரிடம் இருக்கிறது.